தோற்க வேண்டிய குதிரை

கெர்ட்ரூட் தன் வாழ்நாளில் ஒரு குதிரைப் பந்தயத்தையும் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனாலும், ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் என்ற ஊரில் நவம்பர் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஓடுகிற பெரிய பந்தயத்தில், யாரும் சீந்தாத எந்தக் குதிரை முன்னால் வரும் என்று, மலாயாவில் ரெங்கத்துக்கு ஏழு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் உட்கார்ந்தபடியே இரண்டு வருஷம் சரியாகச் சொல்லிவிட்டாள். அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

அவள் கணவன் கேப்ரியல் அந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி. ஆபீஸ் எழுத்து வேலை முழுவதும் அவன் பொறுப்பு. கல்யாணமாகி அங்கே வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜொகூர் பாரு பட்டணத்தில். கான்வென்ட்டில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று சிஸ்டர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவளுக்குத் தோட்டத்தில் கிடைத்தது மேட்டின்மேல் ஒரு பலகை வீடு. கீழே பார்த்தால் கூலியாட்கள் குடியிருக்கும் லயம், மேலே பார்த்தால் துரை பங்களா. லயத்துப் பெண்கள் 'கிராணியம்மா' என்று மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள். பங்களாவில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. மற்றபடி எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் மரம்தான். மாதா கோயில் பூசைக்குக்கூட மாதம் ஒரு முறை குளுவாங் டவுனுக்குப் போனால்தான் உண்டு.

அவளுக்கு இருந்த ஒரே துணை பழைய பேப்பர். அலமாரியில் விரிப்பதற்கென்று பங்களாவிலிருந்து வாரம் ஒரு கட்டு சிங்கப்பூர்ப் பேப்பர் வரும். விரிப்பதற்கு முன்னால் அவள் ஓர் எழுத்து விடாமல் படித்துவிடுவாள். கப்பல் வருகை, ரப்பர் விலை, செத்தவர் பெயர் எல்லாம் படித்து முடித்த பிறகும் பொழுது மிச்சமிருக்கும். அப்படித்தான் பந்தயப் பக்கத்துக்கு வந்தாள்.

முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அது ஒரு கணக்கு என்று தெரிந்தது. நல்ல குதிரையின் முதுகில் எடையை ஏற்றுவார்கள், சுமாரான குதிரைக்குக் குறைப்பார்கள். எல்லாக் குதிரையும் சமமாக வந்து சேரவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் எடை போடுகிறவரும் மனுஷர், பேப்பரில் எழுதுகிறவரும் மனுஷர். ஒரு குதிரை போன பந்தயத்தில் கடைசியாக வந்திருந்தால் எல்லாரும் அதைக் கைவிட்டுவிடுவார்கள். அது ஏன் கடைசியாக வந்தது என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கெர்ட்ரூட் அதைத்தான் தேடினாள். கிளம்பும்போது பக்கத்துக் குதிரை இடித்ததா, சேற்றில் ஓடிப் பழகாததா, அதற்கு நீளப் பந்தயம்தான் சரி என்றிருக்கக் குட்டைப் பந்தயத்தில் விட்டார்களா. தோற்றதற்கு ஒரு காரணம் இருந்து, அந்தக் காரணம் இந்த முறை இல்லையென்றால், அந்தக் குதிரையைப் பென்சிலால் கோடிடுவாள். நாலு வாரத்துப் பேப்பரை வரிசையாகத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க இதே வேலை. இதைச் செய்யும்போது மட்டும் மேட்டு வீடு அவளுக்கு மறந்துபோகும்.

சோறு போடும்போது ஒருநாள் விளையாட்டாகக் கணவனிடம் சொன்னாள். "இந்த வருஷம் மெல்பர்ன்ல 'டஸ்டி லேன்'னு ஒண்ணு ஓடுது. ஒண்ணுக்கு முப்பதுன்னு போட்டிருக்கான். பாருங்க, அது முதல் மூணுக்குள்ள வரும்."

கேப்ரியல் சிரித்தான். ஆனால் மறுநாள் துரை ஆபீஸில் பந்தயப் பட்டியலை வைத்துக்கொண்டு, "கிராணி, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேலியாகக் கேட்டபோது, வாயில் வந்த ஒரே பெயர் அதுதான். டஸ்டி லேன் இரண்டாவதாக வந்தது. கேலிக்குக் கேட்ட துரை, கேலிக்கே கொஞ்சம் கட்டியும் இருந்தார். அடுத்த வருஷம் கேலி இல்லை. அக்டோபர் பிறந்ததும் துரை கேப்ரியலுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார். கெர்ட்ரூட் சொன்ன குதிரை ஒன்றுக்கு நாற்பதில் ஓடி முதலாவதாக வந்தது. குளுவாங் கிளப்பில் அன்றைக்கு அதே பேச்சுதான். "என் கிராணிக்கு எப்படியோ தெரிகிறது" என்று துரை எல்லாரிடமும் சொன்னார்.

சொன்னது தன் மனைவி என்று கேப்ரியல் வாய் திறக்கவில்லை. முதல் தடவை வெட்கம். கிராணி பெண்டாட்டி குதிரை பார்க்கிறாள் என்று தெரிந்தால் ஃபாதர் காதுக்குப் போகும். இரண்டாவது தடவை, துரை போட்ட நாற்காலி. கெர்ட்ரூடும் வற்புறுத்தவில்லை. யார் பெயரில் இருந்தால் என்ன, கணக்கு சரியாக வந்தது போதும் என்று அப்போது நினைத்தாள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. சின்னக் கிராணியை நிறுத்தினார்கள். காயத்துக்கு மருந்து போடுகிற டிரஸ்ஸரை நிறுத்தினார்கள். லயத்தில் வேலை பாதியாகி, வாரம் இத்தனை குடும்பம் என்று பெயர் எழுதி நாகப்பட்டினம் கப்பலுக்கு அனுப்பினார்கள். கேப்ரியலை மட்டும் யாரும் தொடவில்லை.

அந்த ஆகஸ்ட் மாதம் ஜொகூர் பாருவிலிருந்த அவள் அண்ணன் வாலண்டைனிடமிருந்து கடிதம் வந்தது. கான்வென்ட்டில் கணக்கு டீச்சர் வேண்டுமாம், சிஸ்டர் இவள் பெயரைக் கேட்டாராம். அண்ணன் வேலை செய்கிற கம்பெனியிலேயே கேப்ரியலுக்கும் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் இருக்கும் இடத்திலிருந்து நற்சான்றுக் கடிதம் இல்லாமல் எடுக்கமாட்டார்கள். கெர்ட்ரூட் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தாள். அன்றைக்கே டிரங்குப் பெட்டியை இழுத்துத் துடைத்து வைத்தாள்.

கேப்ரியல் துரையிடம் போய்விட்டு வந்தபோது முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன சொன்னாரு?"

"நவம்பர் முடியட்டும்னாரு."

"போன வருஷம் நாம போறோம்னு கேட்டப்பவும் இதையேதானே சொன்னாரு."

"போன வருஷம் சும்மா சொன்னாரு. இந்த வருஷம் நிஜமாவே வேணும்கிறாரு, கெர்ட்ரூட். கம்பெனி அவரு சம்பளத்தையும் குறைச்சிட்டான். எப்ப வேணும்னாலும் கப்பல் ஏத்திருவான். அவருக்கு ஒரு குதிரை வேணும். சின்ன குதிரை இல்ல, ஒண்ணுக்கு அம்பது, நூறுன்னு கொடுக்கிற குதிரை. அது வந்துட்டா கடிதம் எழுதித் தர்றேன்னு சொல்லிட்டாரு."

"வரலைன்னா?"

கேப்ரியல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் கெர்ட்ரூட் தரையில் பேப்பரைப் பரப்பினாள். முப்பதுக்குமேல் குதிரைகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு அக்டோபர் நடுவில் விஷயம் தெளிவாயிற்று. அந்த வருஷம் எல்லாரும் கட்டுகிற குதிரைதான் ஜெயிக்கப்போகிறது. அதன்மேல் எத்தனை எடையை ஏற்றினாலும் அதுதான் வரும். மற்றவை தோற்றதற்கெல்லாம் ஒரு காரணமும் அகப்படவில்லை. தோற்க வேண்டியவை, தோற்றன. அவ்வளவுதான்.

"இந்த வருஷம் ஒண்ணும் இல்லீங்க. பேவரிட்டுதான் வரும். அவரைப் பேசாம அதுல கட்டச் சொல்லுங்க."

"அதுல கட்டினா என்ன கிடைக்கும்? கட்டினது திரும்பி வரும். அதுக்கு நான் எதுக்குன்னு கேப்பாரு."

"இல்லாததை நான் எங்கேயிருந்து கொண்டுவர்றது?"

"ஒரு பேரு சொல்லு, கெர்ட்ரூட். நீ பாத்துச் சொன்னா ஏதாச்சும் ஒண்ணு வரும். எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

அவன் அப்படிச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டான். அவள் உட்கார்ந்து யோசித்தாள். உண்மையைச் சொன்னால் துரை ஏற்கமாட்டார். ஏதோ ஒரு பெயரைச் சொல்லி, தப்பித் தவறி அது வந்துவிட்டால், கடிதமாவது ஒன்றாவது, இந்த ஆளை எந்தத் துரை விடுவார்? ஜெயித்தால் கட்டிப்போடுவார், தோற்றால் துரத்துவார். துரத்தட்டும். துரத்தினால்தான் இந்த மேட்டைவிட்டு இறங்கமுடியும். கடிதம் கிடைக்காவிட்டாலும் போகிறது, கான்வென்ட் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிடலாம். கேப்ரியல் சொல்கிற குதிரைமேல் துரைக்கு இருக்கிற நம்பிக்கை அடியோடு விட்டுப்போக வேண்டும். அதற்கு, கட்டாயம் தோற்கிற குதிரை ஒன்று வேண்டும்.

அதைத் தேடுவது சுலபமாக இருந்தது. 'கார்டினல்ஸ் ஹாட்' என்று ஒரு கிழட்டுக் குதிரை. கடைசியாக ஓடிய இரண்டு தடவையும் மூக்கில் ரத்தம் வந்தது. அதன் சொந்தக்காரர் வயசானவர், பாசத்துக்காக ஓட்டுகிறார் என்று பேப்பர்க்காரனே எழுதியிருந்தான். ஒன்றுக்கு நூறு.

வெள்ளிக்கிழமை சோறு போட்டுக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னாள். காரணமும் சொன்னாள். ரெண்டு மைல் ஓடிப் பழகின குதிரை, எடை குறைவு, மழை பெய்தால் மற்றதெல்லாம் வழுக்கும், இது நிற்கும். பொய்க் காரணங்கள் மெய்க் காரணங்களைவிட ஒழுங்காக வந்து விழுந்தன. கேப்ரியல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"நிச்சயமா?"

அவள் தலையை ஆட்டினாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் அவனிடம் சொன்ன முதல் பொய் அது.

துரை சந்தோஷத்தில் குதித்துவிட்டார் என்று கேப்ரியல் வந்து சொன்னான். அன்றைக்கே துரை ரெங்கம் போய், பணம் கட்டச் சொல்லித் தந்தி கொடுத்துவிட்டு, பந்தயம் முடிகிறவரை சிங்கப்பூரில் இருப்பதாகச் சொல்லி ரயில் ஏறிவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் செல்லம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். செல்லம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். உளி பட்டுப் புறங்கை கிழிந்திருந்தது. டிரஸ்ஸர் போன பிறகு லயத்துக்காரர்கள் காயத்துக்கு மருந்து போட கெர்ட்ரூடிடம்தான் வருவார்கள். காயத்தைக் கழுவும்போது கெர்ட்ரூட் கவனித்தாள், செல்லத்தின் காதில் தோடு இல்லை. துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சி சொருகியிருந்தாள்.

"தோடு எங்க?"

செல்லம் வெட்கப்பட்டாள். "குதிரைக்குப் போட்டாச்சும்மா."

"எந்தக் குதிரைக்கு?"

"நம்ம கிராணி குதிரைக்குத்தான். காடினலோ என்னமோ. பங்களா குக்கு கேட்டுட்டு வந்து சொன்னான். அய்யாவு கங்காணிதான் எல்லார்கிட்டயும் வாங்கி ரெங்கத்துல கடையில கட்டிட்டு வந்திருக்காரு. லயத்துல ஒரு வீடு பாக்கியில்லம்மா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரர் பேரு அடுத்த கப்பல் லிஸ்டுல இருக்கு. அவருக்கு நெஞ்சுல சளி. ஊருல போய் எங்க இருக்கிறது, யாரு இருக்கா? குதிரை வந்துட்டா ஒரு பசு வாங்கிக்கிட்டு ரெங்கத்துலயே எங்கேயாச்சும் குடிசை போட்டுக்குவோம்."

கெர்ட்ரூடின் கையிலிருந்த பஞ்சு தண்ணீரில் விழுந்தது. லயத்தைப் பற்றி அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. இரண்டு வருஷமும் இது பங்களாவுக்கும் கிளப்புக்கும் உள்ள சமாச்சாரமாகவே இருந்தது.

"செல்லம், அந்தக் குதிரை வராது."

செல்லம் நிமிர்ந்து பார்த்தாள்.

"வராது. நான் சொல்றதைக் கேளு. கங்காணிகிட்டப் போய்த் தோட்டைத் திருப்பி வாங்கு. அந்தக் குதிரையைச் சொன்னது நான்தான். வேணும்னே தோக்கிற குதிரையாப் பாத்துச் சொன்னேன்."

"நீங்களா?"

"ரெண்டு வருஷமா நான்தான் சொல்றேன். கிராணி இல்ல."

செல்லம் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கூட ஆளுங்க கட்டினா பங்கு குறையும், அதனால குதிரை வராதுன்னு கிராணி வீட்டுல சொல்லித் தடுப்பாங்கன்னு குக்கு சொன்னான். அதுக்காகக் கிராணியம்மா பொய் சொல்லமாட்டீங்கன்னு நான் அவன்கிட்டச் சண்டை போட்டேம்மா." எழுந்து, வழக்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறவள், அன்றைக்குச் சொல்லாமல் போனாள்.

கெர்ட்ரூட் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராகக் கங்காணி வீட்டுக்கு நடந்தாள். கிராணியம்மா லயத்துக்கு வருவதைப் பார்த்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். அய்யாவு கங்காணி ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மீசையைத் தடவினார்.

"அம்மா, பொம்பளைங்க குதிரை பாக்கிறதை நான் கேள்விப்பட்டதில்ல. சரி, இருக்கட்டும். கடைக்காரன் துண்டு எழுதிக் கொடுத்துட்டான். நான் போய்க் கெஞ்சினா, தெரிஞ்சவன், திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பான். ஆனா யாரு பேச்சைக் கேட்டு நான் போறது? கிராணி வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பவே சைக்கிளை எடுக்கிறேன்."

"நான் சொல்றது போதாதா?"

"குதிரை அவரு சொன்னதும்மா" என்றார் கங்காணி. அவர் குரலில் கேலி எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியவில்லை. யார் பெயரில் இருந்தால் என்ன என்று விட்டுக்கொடுத்த பெயர், இப்போது தேவைப்படும்போது கைக்கு வரவில்லை.

கேப்ரியல் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் ஒரு செருப்போடு அப்படியே நின்றான். முதலில் புரியாதவன்போல் பார்த்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்னையும் ஏமாத்திட்டே."

"ஆமா. என்னை அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க. இப்ப கங்காணிகிட்டப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"என்னன்னு சொல்றது? என் பொண்டாட்டி சொன்னதை ரெண்டு வருஷமா என் பேருல வித்தேன்னு சொல்றதா? ராத்திரிக்குள்ள பங்களா குக்குக்குத் தெரியும். துரை சிங்கப்பூர்லேர்ந்து வந்ததும் அவருக்குத் தெரியும். வேணும்னே தோக்கிற குதிரையைக் கொடுத்திருக்கோம், கெர்ட்ரூட். ஜெயில்ல போடுவான்."

"குதிரை தோக்கும்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லவேண்டாம். உங்களுக்கு மனசு மாறிடுச்சுன்னு சொல்லுங்க."

அவன் எழுந்தான். இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டான். படியிறங்கி, லயத்துக்குப் போகிற பாதை பிரியும் இடம்வரை போனான். வாசலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி வந்துவிட்டான்.

"திங்கக்கிழமை பாக்கலாம்" என்றான். திங்கட்கிழமையும் அவன் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மெல்பர்னில் பந்தயம் ஓடியது. புதன்கிழமை பகல் ரயிலில் முடிவு வந்தது. எல்லாரும் கட்டிய குதிரை, கெர்ட்ரூட் அக்டோபரில் சொன்னதுபோலவே, யாரையும் கிட்டே நெருங்கவிடாமல் ஜெயித்திருந்தது. கார்டினல்ஸ் ஹாட் கடைசிக்கு முந்தினது. லயத்தில் யாரும் சத்தம் போடவில்லை, அழவில்லை. மறுநாள் காலை ஆஜர் எடுக்கும் பெரட்டுக்கு எப்போதும்போல் வந்து வரிசையில் நின்று, எப்போதும்போல் மரத்துக்குப் போனார்கள். பெண்களின் காதுகளில் ஈர்க்குச்சி இருந்தது. கெர்ட்ரூட் ஜன்னலை விட்டு நகர்ந்து உள்ளே போனாள்.

சனிக்கிழமை துரை திரும்பிவந்தார். கேப்ரியலை உடனே கூப்பிட்டனுப்பினார். அவன் போன அந்த ஒரு மணிநேரத்தில் கெர்ட்ரூட் துணிமணியை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். துரத்தப் போகிறார்கள். செல்லத்தின் முகம் நினைவில் வந்து வந்து நின்றது. ஆனாலும் கை அதன்பாட்டுக்கு அடுக்கிக்கொண்டுதான் இருந்தது.

கேப்ரியல் வேகமாக நடந்து வந்தான். முகம் தெளிந்திருந்தது.

"துரை கோபப்படவே இல்ல. மூணு வருஷத்துல ரெண்டு சரியாச் சொன்னவன் இந்தச் சீமையிலேயே கிடையாதுன்னாரு. எந்த மனுஷனுக்கும் ஒரு தடவை தப்பும்னாரு. போனதை அடுத்த வருஷம் சேத்து எடுத்துருவோம்னு சொல்றாரு."

"கடிதம்?"

"அடுத்த நவம்பர் முடியட்டும்னாரு."

அவள் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தோற்றவனுக்கு நம்பிக்கை விட்டுப்போகும் என்று அவள் போட்ட கணக்குத்தான் தப்பாகிவிட்டது. தோற்றவனுக்கு, இழந்ததைத் திருப்பி எடுக்க ஆள் முன்னைவிட அதிகமாக வேண்டியிருக்கிறது. அடுத்த நவம்பரும் இதுதான். அதற்கு அடுத்ததும் இதுதான். அதற்காகத்தானா லயத்துக் காதுகளையெல்லாம் மூளியாக்கினோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அடுத்த வாரம் சம்பள நாள். மத்தியானம் ஆபீஸ் வாசலில் எல்லாரும் வந்து நின்றிருந்தார்கள். கேப்ரியல் மேசையில் பெயர் கூப்பிட, துரை பக்கத்தில் உட்கார்ந்து பைப் பிடித்துக்கொண்டிருந்தார். கெர்ட்ரூட் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள். கேப்ரியல் அவளைப் பார்த்ததும் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

அவள் முதலில் தமிழில் சொன்னாள், லயத்தைப் பார்த்து. "நீங்க கட்டின குதிரையைச் சொன்னது நான். அது தோக்கும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். நாங்க இங்கேருந்து போறதுக்காகச் சொன்னேன். நீங்க கட்டுவீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் சொல்லிப் பாத்தேன், முடியல. தப்பு என்மேலதான்." பிறகு துரையிடம் இங்கிலீஷில் அதையே சொன்னாள். முதல் வருஷத்தையும் இரண்டாம் வருஷத்தையும், எந்தக் குதிரை, என்ன எடை, ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே போகும்போது துரை வாயிலிருந்து பைப்பை எடுத்துவிட்டார்.

"இது உண்மையா?" என்று கேப்ரியலைக் கேட்டார்.

கேப்ரியல் பேனாவை மேசைமேல் வைத்தான். நூறு பேர் அவனைப் பார்த்தார்கள். அவன் இல்லை என்று சொல்லிவிடுவான் என்றுதான் கெர்ட்ரூட் நினைத்தாள். அவளுக்கு உடம்பு சரியில்லை, புத்தி சரியில்லை என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள்.

"உண்மைதான், சார்" என்றான். "எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது."

லயத்துக் கூட்டம் அசையாமல் நின்றது. யாரோ ஓர் ஆள், "இப்ப வந்து சொல்லி என்ன?" என்றான். இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்தன. அப்போது செல்லம் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"என்கிட்ட அன்னைக்கே சொன்னாங்க. கங்காணிகிட்டயும் போய்ச் சொன்னாங்க. நாங்கதான் நம்பல." அவ்வளவு சொல்லிவிட்டு, கெர்ட்ரூடைப் பார்க்காமல், மறுபடி வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

அய்யாவு கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். குரல்கள் அடங்கின.

துரை திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று கெர்ட்ரூட் எதிர்பார்த்திருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. ரப்பர் மரத்தில் பால் நன்றாக வருகிறதா என்று பார்ப்பதுபோல் ஒரு பார்வை.

"இந்த வருஷம் ஜெயித்த குதிரையும் உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்படியானால் அடுத்த வருஷம் நீயே பங்களாவுக்கு வந்து சொல். புருஷன் நடுவில் வேண்டாம்."

"நான் ஜொகூர் பாருவுக்குப் போகிறேன். அங்கே எனக்கு வேலை இருக்கிறது."

"உன் புருஷனுக்கு நான் கடிதம் தரமாட்டேன்."

"தெரியும்" என்றாள் அவள். கேப்ரியலைப் பார்த்தாள். அவன் திறந்து கிடந்த பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த பெயரில் அவன் விரல் நின்றிருந்தது. எழுந்து வருவான் என்று கொஞ்ச நேரம் நின்றாள். துரை கையால் சைகை காட்டினார். கேப்ரியல் அடுத்த பெயரைக் கூப்பிட்டான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் தன் இரண்டு தங்க வளையல்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு செல்லம் வீட்டுக்குப் போனாள். செல்லம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சுவரில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான். செல்லம் வளையலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குக் கொடுத்துட்டா மத்தவங்களுக்கும்மா? எல்லாரும்தானே போட்டோம்."

கெர்ட்ரூட் வளையலை முந்தானையில் முடிந்துகொண்டாள். செல்லம் பசிக்கு வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டை எடுத்து அவளுக்குக் கொடுத்தாள். இருவரும் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் செல்லமும் புருஷனும் கப்பல் ஏறினார்கள் என்று கெர்ட்ரூட் பின்னால் கேள்விப்பட்டாள்.

ரெங்கம் ஸ்டேஷனுக்குக் கேப்ரியல் வந்தான். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். ரயில் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

"நானும் வந்துட்டா ரெண்டு பேருக்கும் சாப்பாடு உன் சம்பளத்துல. உங்க அண்ணன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்றான்.

"அன்னைக்கு உண்மைன்னு சொன்னீங்களே, அது எப்படி முடிஞ்சுது?"

"தெரியல. வாயில வந்துடுச்சு." பிறகு, "அடுத்த அக்டோபர்ல துரை என்னைத்தான் கூப்பிடுவாரு. உனக்கு எழுதிக் கேக்கச் சொல்லுவாரு" என்றான்.

"எழுதாதீங்க."

அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கான்வென்ட்டில் அவளுக்கு இரண்டு வகுப்பு கொடுத்தார்கள். அண்ணன் வீட்டுப் பின்னறையில் தங்கினாள். கேப்ரியல் மாதம் ஒரு ஞாயிறு வருவான், பூசைக்கு அவள் பக்கத்தில் உட்காருவான், சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

மறு அக்டோபரில் கடிதம் வந்தது. உள்ளே பேப்பரிலிருந்து வெட்டி எடுத்த குதிரைப் பட்டியல். அவன் கையெழுத்தில் நலம் விசாரித்து இரண்டு வரி, கீழே, "துரை அனுப்பச் சொன்னார்" என்று ஒரு வரி. படிக்கக்கூடாது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் கண் கேட்கவில்லை. மேலிருந்து கீழே எடையைப் பார்த்துக்கொண்டே வந்தது. பதினேழாவது பெயரில் நின்றுவிட்டது. போன பந்தயத்தில் அந்தக் குதிரை கிளம்பும்போதே முட்டிமோதி நின்றதை அவள் டீச்சர்கள் அறையில் கிடந்த பேப்பரில் படித்திருந்தாள். படித்ததே அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

மூன்று நாள் அந்தப் பெயர் அவளை விடவில்லை. கரும்பலகையில் கணக்குப் போடும்போதும் பூசையில் முழங்காலிடும்போதும் அது கூடவே இருந்தது. அதைச் சொன்னால் கேப்ரியலுக்குக் கடிதம் கிடைக்கலாம். சொன்னால் அதற்கு அடுத்த அக்டோபரும் ஒரு பட்டியல் வரும். நாலாம் நாள் அவள் பதில் எழுதினாள். குதிரையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. "துரையின் கடிதம் வேண்டாம். நீங்கள் வாருங்கள். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதினாள்.

அவன் நவம்பர் முழுக்க வரவில்லை. டிசம்பரிலும் வரவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஞாயிறுக்குக் காத்திராமல், பெட்டியோடு வந்து வாசலில் நின்றான். துரை என்ன சொன்னார், எந்தக் குதிரை ஜெயித்தது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவள் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். பின்னறை சின்னது. பெட்டியை வைத்த பிறகு இரண்டு பேர் நிற்பதற்கு இடம் போதவில்லை.